வால்பாறைச் சாரலும் ஒரு ஹெல்மெட் கண்ணாடியும்

ஐப்பசி மாதம். ஆனைமலையில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தை முடித்துக்கொண்டு, இரவு எட்டு மணி வாக்கில் பைக்கில் பொள்ளாச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சாலையின் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. தெருவிளக்கு கிடையாது. மழையும் பலமாக இல்லை, விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது.

எதிரே ஒரு லாரி வந்தது. அதன் ஹெட்லைட் என் ஹெல்மெட் கண்ணாடியில் பட்டதுதான் தாமதம், அதிலிருந்த அத்தனை கீறல்களும் ஒன்றாகச் சேர்ந்து எரிந்தன. கண் முன்னால் வெறும் வெள்ளை. சட்டென்று கண்ணாடியைத் தூக்கினேன். மழைத்துளி ஊசியாகக் கண்ணில் குத்தியது. மூடித் திறப்பதற்குள் வண்டிக்கு முன்னால் ஒரு மனிதர்! பஞ்சரான டிவிஎஸ் வண்டியை, பின்னால் பால் கேன்கள் தொங்கத் தொங்க, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். ஹேண்டில்பாரை ஒடித்தேன். ஒரு முழ இடைவெளியில் அவரும் தப்பினார், நானும் தப்பினேன்.

வண்டியை நிறுத்தி ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். வயது எழுபது இருக்கும். திட்டவில்லை. என் ஹெல்மெட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"கண்ணாடியத் தொடச்சுப்போட்டு ஓட்டுங்க தம்பி. நாங்களும் ஊடு போய்ச் சேரோணுமில்லீங்க" என்றார். அவ்வளவுதான். திரும்பவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்துவிட்டார்.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நான்கு வருடம் சட்டை நுனியால் துடைத்த அடையாளம் முழுக்க அதில் இருந்தது. டயரைப் பார்ப்பேன், பிரேக்கைப் பார்ப்பேன், மாதாமாதம் செயினுக்கு எண்ணெய் விடுவேன். உலகத்தையே எதன் வழியாகப் பார்க்கிறேனோ, அந்தக் கண்ணாடியை ஒரு நாளும் பார்த்ததில்லை.

இந்த வருடம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தேன். ஆடி மாதத்தில் ஒரு நாள், என் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து வால்பாறை வரை வர வேண்டும். மழையில் ஓட்டுவது என்றால் என்ன என்று பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறட்டும். கோவையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 40 கிலோமீட்டர், அங்கிருந்து வால்பாறை 65 கிலோமீட்டர் சொச்சம். இந்த நூற்றைந்து கிலோமீட்டருக்குள் புழுதி, தூறல், காற்று, கொட்டும் மழை, மூடுபனி என எல்லாமே வரும். ஹெல்மெட் கண்ணாடிக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

கழுவுவதா, துடைப்பதா?

காலை ஆறு மணிக்கு வாசலில் உட்கார்ந்து இரண்டு ஹெல்மெட்டுகளையும் சுத்தம் செய்ய ஆரம்பித்தோம்.

கோவையில் ஹெல்மெட் கண்ணாடி கெடுவதற்குக் காரணம் மழை இல்லை, புழுதிதான். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து வாங்கிக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் மட்டும் தாராளமாக உள்ளே வருகின்றன. அதனால் ஜூன், ஜூலையில் நகருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சாரல். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கொட்டுகிற மழை கண்ணாடியைக் கழுவிவிடும். சாரல் கழுவாது. கண்ணாடியில் படிந்திருக்கும் புழுதியைக் குழைத்துச் சேறாக்கிவிட்டுப் போய்விடும். நாம் அந்தச் சேற்றைக் கையால் தேய்ப்போம். கீறல் அங்கேதான் பிறக்கிறது.

நாம் 'கண்ணாடி' என்கிறோமே தவிர, அது கண்ணாடியே இல்லை. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டாலும் சில்லுச் சில்லாக உடையாது என்பது அதன் பலம். மேற்பரப்பு மென்மையானது, சுலபமாகக் கீறல் விழும் என்பது பலவீனம். கீறல் விழாமலிருக்க மேலே மெல்லிய ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். புழுதியோடு சேர்த்துத் துடைக்கும்போது உப்புத்தாள் கொண்டு அந்தப் பூச்சைத் தேய்க்கிறோம் என்று அர்த்தம்.

"அப்ப தொடைக்கவே கூடாதுங்களாப்பா?" என்றாள் மகள்.

துடைக்கலாம். ஆனால், அதற்கு முன் ஊற வைக்க வேண்டும். சுத்தமான பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடி மேல் போர்த்தி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட வேண்டும். ஒட்டிக் காய்ந்த பூச்சியும் மண்ணும் இளகும். பிறகு குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டாலே பெரும்பகுதி போய்விடும். மிச்சத்துக்கு, குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூவில் இரண்டு சொட்டை விரலில் தொட்டு, வெறும் விரலாலேயே தடவிக் கழுவினால் போதும். மணல் இருந்தால் விரலுக்குத் தெரியும், துணிக்குத் தெரியாது. கடைசியில் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது.

கொங்குக்காரர்களிடம் இதற்கு வேறு வேறு வைத்தியங்கள் உண்டு. அந்த ஐப்பசி இரவுக்குப் பிறகு நான் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துப் பாடம் படித்தவன். தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூளால் கழுவிப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு அருமையாகப் போனது. ஆனால், இலைத்தூளின் நறநறப்பில் புதுக் கோடுகள் விழுந்தன. பூந்திக்கொட்டையை ஊற வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிய தண்ணீர் பரவாயில்லை, கீறவில்லை. திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வரும் பனியன் வேஸ்ட் துணி, புதிதாக இருந்தால் நல்ல துணிதான். துவைத்து உலர்த்திப் பயன்படுத்தலாம். ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் வேஸ்ட்டை மட்டும் தொடவே கூடாது. கடைசல் பட்டறையின் இரும்புத்தூள் அதில் ஒளிந்திருக்கும்.

செய்யவே கூடாதவை இன்னும் சில உண்டு. பெட்ரோல், தின்னர், சானிடைசர், வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் அமோனியா கலந்த கிளீனர் எதுவும் ஆகாது. இவை பட்டால் பிளாஸ்டிக்கின் பூச்சு வெளுக்கும், நாளடைவில் மயிரிழை போல வெடிப்பு விடும். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் மறையும் என்பார்கள். பேஸ்ட்டில் இருப்பதே பல்லைத் தேய்க்கும் நுண்தூள்தானே? ஒரு கீறலை மறைக்கப் போய், பூச்சு முழுவதையும் மங்கலாக்கிவிடும்.

உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி

ஏழு மணிக்குக் கிளம்பினோம். உக்கடம் மேம்பாலம் தாண்டி, ஈச்சனாரி பிள்ளையாருக்கு வண்டியில் இருந்தபடியே ஒரு கும்பிடு. அதைத் தாண்டியதும் காற்று ஆரம்பித்துவிட்டது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் கணவாய்க்கு எதிரே குடியிருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். வலது பக்கம் மேற்கிலிருந்து வருகிற காற்று, பாதி திறந்த கண்ணாடியைப் பட்டென்று மேலே தூக்கிவிடும். பக்கவாட்டுத் திருகு தளர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கிளம்பும் முன் அந்தத் திருகுகளை ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

இது சாதாரணச் சாலை இல்லை என்பதை மகளுக்குச் சொன்னேன். 1920இல் ஜி.டி.நாயுடு தன் முதல் பஸ்ஸை ஓட்டியது பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவில்தான். அதற்கும் முன்னால், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஹோட்டல் வேலை செய்து காசு சேர்த்து, அந்த வண்டியை விலைக்கு வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தவர் அவர். பிரித்துப் பார்க்கிற அந்தப் புத்தி கொங்கு மண்ணில் இன்னும் இருக்கிறது. இந்தச் சாலைக்குக் கிழக்கே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ரேஸ் கார்களைத் தானே வடிவமைத்துக் கட்டி, 1995இல் விமான விபத்தில் இறந்துபோன எஸ்.கரிவர்தனின் பெயர் தாங்கிய ஓடுதளம்.

ரேஸ்காரர்கள் கண்ணாடி அழுக்கை எப்படிச் சமாளிக்கிறார்கள் தெரியுமா? துடைப்பதே இல்லை. கண்ணாடி மேல் மெல்லிய ஒளிபுகும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வைத்திருப்பார்கள். அழுக்கானால் ஒரு தாளைப் பிய்த்து எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக ஆன நம் கோவை நரேன் கார்த்திகேயன் வரை எல்லோருக்கும் இதே முறைதான். கீறுவதைவிடக் கிழித்து எறிவது மேல் என்பது அவர்கள் கணக்கு. நமக்கு அந்த வசதி இல்லை. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தும் வசதி இருக்கிறது. அவர்களுக்கு அது இல்லை!

கிணத்துக்கடவு தாண்டியதும் தூறல் பிடித்தது. முன்னால் போன டிப்பர் லாரியின் சக்கரம் வாரி இறைத்த தண்ணீரில் மண்ணும் டீசல் பிசுக்கும் சேர்ந்திருந்தன. இந்தப் பிசுக்குதான் மழைத்தண்ணீரைவிட மோசம். விரலால் வழித்தால் வானவில் போலப் பரவி, எதிர்வெளிச்சத்தில் எதுவும் தெரியாமல் செய்துவிடும். லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாமல், இடைவெளி விட்டுப் போவதுதான் இதற்கு மருந்து.

டீக்கடைப் பாடம்

பொள்ளாச்சியில் டீக்கு நிறுத்தினோம். பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர், முப்பது வருடம் லாரி ஓட்டியவராம். நாங்கள் ஹெல்மெட்டைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு அவரே பேச்சுக் கொடுத்தார்.

"எங்க காலத்துல வைப்பர் வேலை செய்யாதுங்க. பாதி உருளைக்கிழங்க அறுத்துக் கண்ணாடி மேல தேய்ச்சுப்போட்டுப் போயிட்டே இருப்போமுங்க. அது இல்லீன்னா, பீடியப் பிரிச்சு அந்தப் பொகையிலை."

இது வெறும் கதையில்லை. இதில் விஷயம் இருக்கிறது. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடும். சோப்பு போட்டுக் கழுவிய எவர்சில்வர் தட்டில் தண்ணீர் முத்தாக நிற்காது, ஒரே படலமாகப் பரவும். மழையில் பார்வை தெளிவாக இருக்க இந்த இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். துளி உருண்டு ஓடிவிட வேண்டும், அல்லது படலமாகப் பரவிவிட வேண்டும். நடுவில் நிற்கும் துளிதான் எதிரி. ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ். எதிரே வருகிற ஒரு ஹெட்லைட்டை நூறு ஹெட்லைட்டாக்கிக் காட்டும். உருளைக்கிழங்குச் சாறு தண்ணீரைப் படலமாகப் பரவ வைக்கிறது. லாரியின் கண்ணாடி உண்மையான கண்ணாடி என்பதால் தேய்த்தாலும் தாங்கும். நம் ஹெல்மெட் பிளாஸ்டிக், புகையிலைத் துணுக்கைத் தாங்காது.

கடைகளில் கிடைக்கும் மழை விலக்கும் திரவங்கள் சேப்ப இலையின் வேலையைச் செய்கின்றன. துளியை உருட்டிவிடும். ஆனால், வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். கார் கண்ணாடிக்கான திரவங்களில் ஆல்கஹால் போன்ற கரைப்பான்கள் இருக்கலாம். அது பிளாஸ்டிக்குக்கு ஆகாது. பிளாஸ்டிக், பாலிகார்பனேட்டுக்கு ஏற்றது என்று லேபிளில் எழுதியிருந்தால் மட்டுமே வாங்குங்கள். அடுத்து, அதைப் பூசுவது வெளிப்பக்கம் மட்டும்தான். நன்றாகக் கழுவி, முழுக்க உலர்ந்த கண்ணாடியில் மெல்லியதாகத் தடவி, சில நிமிடம் கழித்து மென்துணியால் மெருகேற்ற வேண்டும். சில வாரங்களில் தேய்ந்துவிடும். மறுபடி பூச வேண்டும்.

ஸ்கூட்டர், புல்லட்டுக்கு முன்னால் பெரிய கண்ணாடி மாட்டியிருப்பவர்களுக்கும் இதே கழுவும் முறைதான். அதில் இன்னொரு பாடமும் உண்டு. அதன் உயரம் உங்கள் மூக்குவரை இருந்தால் போதும். அதற்கு மேலாகப் பார்த்து ஓட்ட வேண்டுமே தவிர, அதன் வழியாகப் பார்த்து ஓட்டக் கூடாது. மழையில் அதைத் துடைக்க வைப்பர் கிடையாது. அந்தக் கண்ணாடி ஒன்று, ஹெல்மெட் கண்ணாடி ஒன்று என்று இரண்டு ஈரத் திரைகளுக்குப் பின்னால் இருந்து சாலையைத் தேட வேண்டி வரும்.

நாற்பது வளைவுகள்

ஆழியாறு அணையைத் தாண்டியதும் வனத்துறை சோதனைச் சாவடி. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைப் பார்த்து அனுப்பினார்கள். கவியருவி என்று இப்போது பெயர் மாறியிருக்கும் குரங்கு அருவியைக் கடந்தால் மலை ஏற ஆரம்பிக்கிறது. ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் இடையில் 40 கொண்டை ஊசி வளைவுகள்.

மூன்றாவது வளைவிலேயே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கீழே நான் பூசிய மழைவிலக்கியின் குட்டு இங்கே வெளிப்பட்டது. பொள்ளாச்சிச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று துளியைத் தள்ளிக்கொண்டு போனது. மலையில் இருபதுக்கு மேல் போக முடியாது, போகவும் கூடாது. காற்று இல்லாததால் துளிகள் முத்து முத்தாக அப்படியே நின்றன. பூச்சு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வேகம் இல்லாத இடத்தில் அது பாதி வேலைதான் செய்யும்.

அப்போது இரண்டு வழிகள் கை கொடுக்கும். நேரான சாலைத் துண்டில் தலையை லேசாக இடமும் வலமும் திருப்பினால், துளிகள் ஓரமாக வழிந்துவிடும். கண் மட்டும் சாலையில் இருக்க வேண்டும். இன்னொன்று, இடது கை உறையின் ஆள்காட்டி விரலில் மென்மையான ரப்பர் பட்டை தைத்த மழை கிளவுஸ். அதனால் ஒரே இழுப்பில் மேலிருந்து ஓரமாக வழிக்கலாம். ஏன் இடது கை? வலது கையில் ஆக்ஸிலரேட்டரும் முன் பிரேக்கும் இருக்கின்றன. வளைவிலும் கியர் மாற்றும்போதும் இடது கையும் எடுக்கக் கூடாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டே நொடி பார்வை மறைந்தால், வண்டி 22 மீட்டர் ஓடியிருக்கும். இரண்டு பஸ்களின் நீளம், கண்ணைக் கட்டிக்கொண்டு.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். மேகம் விலகினால் கீழே ஆழியாறு அணை முழுக்கத் தெரியும். அன்று மேகம் விலகவில்லை. பாறைச் சரிவில் மழையைப் பொருட்படுத்தாமல் ஒரு வரையாடு நின்றிருந்தது. மகள் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே ஒரு பனிமூட்டம்

அட்டகட்டியைக் கடந்து கவர்க்கல் பக்கம் வந்தபோது உண்மையான சோதனை வந்தது. கவர்க்கல் என்றாலே மூடுபனி. பகல் பதினொரு மணிக்கு எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு கைக்கெட்டும் தூரத்தில்தான் தெரிகிறது. வெளியே பனி போதாதென்று, கண்ணாடிக்கு உள்ளேயும் பனி படிந்தது.

சூடான டீயைக் குடிக்கும்போது மூக்குக் கண்ணாடி மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் இங்கேயும். நம் மூச்சு சூடானது, ஈரம் நிறைந்தது. மழையில் நனைந்த கண்ணாடி சில்லென்று இருக்கிறது. மூச்சின் ஈரம் அதில் பட்டுக் குட்டிக் குட்டித் துளிகளாகப் படிகிறது. வெளியிலிருந்து எவ்வளவு துடைத்தாலும் போகாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வெளியே இருக்கிற அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கீறலை வாங்கிக்கொள்கிறார்கள்.

காலையில் ஒரு காரியம் செய்திருந்தேன். மகளின் ஹெல்மெட்டில் மட்டும், கண்ணாடியின் உள்பக்கத்தில் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு ஒரே ஒரு சொட்டை மெல்லியதாகத் தடவி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டேன். என்னுடையதில் ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குச் சொல்லவும் இல்லை.

"எனக்கு நல்லாத் தெரியுதுங்ப்பா. நீங்க ஏன் தடவறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

வண்டியை நிறுத்தி இரண்டையும் அவளிடம் காட்டினேன். எவர்சில்வர் தட்டுப் பாடம்தான். சோப்புப் படலம் இருக்கும் இடத்தில் ஈரம் துளியாக நிற்காமல் பரவிவிடுகிறது. ஷேவிங் ஃபோமும் இதே வேலையைச் செய்யும். ஒன்றிரண்டு நாள் தாங்கும், அவ்வளவுதான். அளவு கூடினால் கண் எரியும். பனிப்படலம் தடுக்கும் பூச்சோடு வரும் ஹெல்மெட் என்றால் சோப்பு போட வேண்டாம், அந்தப் பூச்சு போய்விடும்.

நிலையான தீர்வு வேண்டுமென்றால் பின்லாக் என்ற உள்கண்ணாடி இருக்கிறது. கண்ணாடிக்கு உட்புறம், இரண்டு சிறிய முளைகளுக்கு நடுவே இன்னொரு மெல்லிய தகட்டைப் பொருத்துவார்கள். ஓரத்தில் சிலிக்கான் விளிம்பு. நடுவில் சிறைப்பட்ட காற்று, வெளிக் குளிரை உள்ளே வரவிடாது. ஃப்ளாஸ்க்கில் இரட்டைச் சுவர் இருக்கிறதே, அதே உத்தி. எல்லா ஹெல்மெட்டிலும் பொருத்த முடியாது, அதற்கான முளைகள் இருக்க வேண்டும். பணம் செலவில்லாத வழியும் உண்டு. தாடைப் பக்கக் காற்றுத் துவாரத்தைத் திறந்து வைத்து, கண்ணாடியை ஒரே ஒரு பல் அளவு தூக்கி வைத்தால், மூச்சு வெளியேற வழி கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் தெரியவில்லை என்றால்? நின்றுவிட வேண்டும். வளைவில் இல்லாமல், சாலையை விட்டு இறங்கி, பின்னால் வருகிறவருக்குத் தெரிகிற இடத்தில். அந்த ஐப்பசி இரவில் நான் செய்யாமல் விட்ட காரியம் இதுதான்.

சிவப்பு விளக்கின் அர்த்தம்

வால்பாறையில் மழைக்கு மரியாதை அதிகம். இங்கிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் சின்னக்கல்லார், தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. தேயிலைக் காட்டில் பெண்கள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் புதுத்தோட்டம் பக்கம் நடந்தோம். சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்று சாலையை நிதானமாகக் கடந்தது. வண்டிகள் அதற்காக நின்றன.

எஸ்டேட் பகுதியில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகளைப் பார்த்தோம். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பின் முயற்சியில் வந்தவை அவை. பக்கத்தில் யானை நடமாட்டம் இருந்தால், உள்ளூர்க்காரர்கள் செல்போன் மூலம் அந்த விளக்கை எரிய வைப்பார்கள். இருட்டில் வீடு திரும்புகிறவர் தூரத்தில் சிவப்பைப் பார்த்ததும் சுதாரித்துக்கொள்ளலாம். யானைக்கும் மனிதருக்கும் நடுவில் ஒரு சின்ன வெளிச்சம்.

"கண்ணாடி கீறலா இருந்தா, இந்த வெளக்கே தெரியாதில்லீங்களாப்பா?" என்றாள் மகள்.

நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வந்த வேலை முடிந்துவிட்டது என்று தோன்றியது.

இறங்கும்போது

இருட்டும் முன் மலை இறங்கிவிட வேண்டும் என்பது முடிவு. மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். இறக்கத்தில் ஏறிவருகிற வண்டிக்கு வழிவிட்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, ஆழியாறு வந்து சேர்ந்தபோது மழை நின்றிருந்தது. அணைக்கரையில் மாலைப் பூச்சிகள் கிளம்பிவிட்டன. நான்கைந்து வந்து கண்ணாடியில் மோதி அப்பிக்கொண்டன. பழைய நானாக இருந்தால் கர்ச்சீஃபை எடுத்திருப்பேன். வண்டியை நிறுத்தி, பாட்டில் தண்ணீரைத் துணியில் நனைத்து, கண்ணாடி மேல் போர்த்திவிட்டு, இரண்டு பேரும் பொரி வாங்கிச் சாப்பிட்டோம். பத்து நிமிடம் கழித்துத் துணியை எடுத்தால், பூச்சியும் அதோடு வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஹெல்மெட் கட்டாயம் என்று ஆனபோது, ஊரே போட்டி போட்டு வாங்கியது நினைவிருக்கலாம். 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்பதும் சட்டம். தலையைக் காப்பது பற்றி இவ்வளவு பேசிய நாம், கண்ணுக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசவே இல்லை. முட்டி விழுந்த பிறகு நம்மைக் காப்பது ஹெல்மெட். முட்டாமலே காப்பது அதன் கண்ணாடி. பல ஹெல்மெட்டுகளுக்குக் கண்ணாடி மட்டும் சில நூறு ரூபாய்க்குத் தனியாகக் கிடைக்கும். கடையில் 'கிளாஸ்' என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். ஹெல்மெட்டின் கம்பெனி, மாடல் பெயரை மட்டும் சொல்ல வேண்டும்.

மாற்ற வேண்டுமா, வேண்டாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரவில் வீட்டின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, தூரத்தில் ஒரே ஒரு பல்ப் எரியவிட்டு, கண்ணாடி வழியாகப் பாருங்கள். பல்ப் பல்பாகத் தெரிந்தால் நல்லது. அதைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் தெரிந்தால் அன்றோடு அதற்கு விடை கொடுத்துவிடுங்கள். மெருகேற்றிப் பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள்.

மழைக்காலத்துக்கு முன் மறக்காமல்

• சீட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், தனி டப்பாவில் ஒரு மைக்ரோஃபைபர் துணி. அந்தத் துணியால் வேறு எதையும் துடைக்கக் கூடாது.

• காய்ந்த கண்ணாடியைத் துடைக்கவே கூடாது. முதலில் நனைப்பது, பிறகு ஒற்றுவது.

• மழைவிலக்கி வெளிப்பக்கம், சோப்புப் படலம் உள்பக்கம். மாற்றிவிட வேண்டாம்.

• கறுப்புக் கண்ணாடி பகலுக்கு மட்டும். சாயங்காலத்துக்கும் மலைப்பாதைக்கும் வெள்ளைக் கண்ணாடிதான்.

• நனைந்த ஹெல்மெட்டைக் கண்ணாடியைத் திறந்து வைத்து நிழலில் காய வையுங்கள். கண்ணாடி தரையில் படும்படி கவிழ்த்து வைக்காதீர்கள்.

• பின்னால் உட்காருகிறவரின் கண்ணாடியையும் கழுவுங்கள். குழியை முதலில் பார்ப்பது சில நேரம் அவர்தான்.

மகளுக்கு ஸ்கூட்டர் வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றுக் காலை அவசர அவசரமாகக் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். லேசான தூறல். நேரமாகிவிட்டதே, ஹெல்மெட்டை அப்படியே மாட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் குழாயைத் திறந்தாள். ஈரத்துணியைக் கண்ணாடி மேல் போர்த்தினாள். படியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"லேட்டாகலையா கண்ணு?" என்று கேட்டேன்.

"ஆகட்டுங்ப்பா. ரோட்டுல போறவங்களும் ஊடு போய்ச் சேரோணுமில்லீங்க" என்றாள்.

அந்தப் பால்காரப் பெரியவரை மறுபடி நான் பார்க்கவே இல்லை. அவர் சொன்னது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.